ஃபோர்க் பைப்புக்குப் பொட்டு வைத்தவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு என் மேல்தான். சந்தனம் குழைத்தது நான். குங்குமம் வைத்தது நான். அப்புறம் ‘இது யார் வேலை?’ என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டபோது, பக்கத்திலேயே நின்று அக்கறையாக மண்டையை உடைத்துக்கொண்டவனும் நானேதான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் முட்டாள்தனங்கள் புதிதல்ல. வாஷிங் மெஷினில் ரேஷன் கார்டைத் துவைத்தவன் நான். ஆனால் இதுவரை என் முட்டாள்தனத்தால் கெட்டதெல்லாம் என் பொருள், என் மானம். இந்த முறை அப்படி இல்லை.

என் மகள் பிருந்தாவை உங்களுக்குத் தெரியும். கைலாசபுரம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியராக இருக்கிறாள். வயது இருபத்தாறு. மற்ற பெண்கள் இந்த வயசில் நகை வாங்குகிறார்கள். இவள் சம்பளத்தைச் சேர்த்து ஒரு மண் பைக் வாங்கினாள். மேடு, பள்ளம், சேறு இவற்றின் மேல் பறப்பதற்கென்றே செய்த வண்டி. நம்பர் பிளேட் இருப்பதால் ரோட்டிலும் போகலாம். சீட் என் இடுப்பு உயரம். நான் ஏறினால் இரண்டு காலும் தரையில் படாது. ஒரு கால் மட்டும்... சரி, அதுவும் படாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் போட்டி. ஜீயபுரம் தாண்டி ஒரு தரிசில் மண்ணைக் கொட்டி, மேடு கட்டி, டிராக் போட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சு. வண்டியை அவளே பிரிப்பாள், அவளே மாட்டுவாள். மெக்கானிக்கிடம் விட்டால் ஆகாதா என்று கேட்டேன். “பாதி வழியில எதாவது ஆச்சுன்னா, மெக்கானிக் கூட ஓடி வருவாராப்பா?” என்றாள்.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து முன்பக்க ஃபோர்க்கைப் பிரித்தாள்.

ஃபோர்க் என்றால் சாப்பிடுகிற முள்கரண்டி என்று நினைத்துக்கொண்டிருந்த கோஷ்டிதான் நானும். பைக்கின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு கால்கள்தான் ஃபோர்க். மேலே பளபளவென்று ஒரு பைப். அது கீழே இருக்கிற தடித்த குழாய்க்குள் இறங்கும், ஏறும். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும். அந்த எண்ணெய் வெளியே வராமல் வாயைக் கட்டி வைத்திருப்பது ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம். அதற்கு மேலே, தூசி உள்ளே போகாமல் தடுக்க டஸ்ட் சீல் என்று இன்னொரு வளையம். அதற்கும் மேலே துருத்தி மாதிரி ஒரு ரப்பர் உறை.

பிருந்தா ஆயில் சீல்களை மாற்றினாள். புது எண்ணெய் ஊற்றினாள். வலது பைப்பில் கடுகளவு துரு இருந்ததைத் தேய்த்து எடுத்தாள். எல்லாம் முடிந்தும் ரப்பர் உறையை மட்டும் மாட்டவில்லை.

“உறையை மறந்துட்டியேம்மா?”

“மறக்கலப்பா. ஒரு வாரம் திறந்தே ஓட்டிப் பாக்கணும். எண்ணெய் கசிஞ்சா அப்பதான் கண்ணுக்குத் தெரியும்.”

புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். கூடவே பழைய சட்டத்தையும் ஒருமுறை நினைவுபடுத்தினாள்: “என் வண்டிய நீங்க தொடக்கூடாது.” செயினுக்கு நான் தேங்காய் எண்ணெய் விட்ட நாளிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

வந்தது ஆயுத பூஜை.

ஃபேக்டரியில் பூஜை என்று பிருந்தா காலையிலேயே போய்விட்டாள். நான் பார்க்கிங்கில் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கினேன். என் ஸ்கூட்டருக்குப் பொட்டு. மனைவியின் சைக்கிளுக்குப் பொட்டு. பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு, கேட்காமலேயே, பொட்டு. மகளின் பைக் மட்டும் மூளியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகிற வண்டி! பொட்டு இல்லாமல் அனுப்பலாமா? பெற்ற மனசு கேட்குமா?

ஹெட்லைட்டுக்கு ஒன்று வைத்தேன். மனசு நிறையவில்லை. குனிந்து பார்த்தால்... உறை இல்லாமல், கண்ணாடி மாதிரி, இரண்டு பைப். வண்டியிலேயே பளபளப்பான இடம் அதுதான். பைப்புக்கு மூன்றாக ஆறு பொட்டு. கஞ்சத்தனம் இல்லாமல், தாராளமாக, ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் அகலத்துக்கு. நடுவில் குங்குமம்.

அதோடு விட்டேனா? ஹேண்டில்பாரைப் பிடித்து அமுக்கிப் பார்த்தேன். புஸ்ஸென்று இறங்கி, மெத்தென்று ஏறியது. அட, என்ன சுகம்! திரும்ப அமுக்கினேன். ஒரு இருபது தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனதை நான் கவனிக்கவே இல்லை. எங்கே போகும் அது? யோசித்தால்தானே!

பொரித் தட்டோடு வந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

“ஐயையோ! அவ வண்டியையா தொட்டீங்க?”

“சாமி காரியம்.”

“அவ வந்து பாத்தா உங்களுக்குத்தான் காரியம். மரியாதையா தொடைச்சிடுங்க.”

அந்த நேரம் பார்த்து போன். பிருந்தா. பாலம் வரைக்கும் வந்துவிட்டாளாம், அம்மாவுக்குப் பூ வாங்கணுமா என்று கேட்கிறாள்.

துணியை எடுத்தேன். இடது பைப் சுத்தமானது. வலது பைப் வெயில் பக்கம். மிச்சமிருந்த சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. தண்ணீர் விட்டுத் துடைத்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நான் விவரமானவன் ஆயிற்றே! பிருந்தாவின் டூல் பாக்ஸைத் திறந்தேன். கறுப்பாகச் சில எமரி ஷீட்கள். உலோகத்தைத் தேய்க்கிற தாள். இதை வைத்துத்தானே போன வாரம் அவளும் இதே பைப்பைத் தேய்த்தாள்? மேலாக இருந்ததை உருவி, மேலிருந்து கீழாக நாலு இழுப்பு. சந்தனம் போச்சு. தாளின் பின்னால் ஏதோ நம்பர் இருந்தது. நம்பரை யார் பார்த்தார்கள்?

பிருந்தா வந்தாள். ஹெட்லைட் பொட்டைப் பார்த்து, “சரி, இது ஒண்ணுதானே” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். படுபாவி.

மறுநாள் வியாழக்கிழமை, விஜயதசமி. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ஜீயபுரம் ரோட்டுக்குப் போனாள், கடைசி ஒத்திகை. திரும்பி வர நேரமாகியது. வந்தபோது முழங்கை தோல் உரிந்திருந்தது. ஹெல்மெட் இடுக்கில் கிழிந்த வாழை இலை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

“வாழைத் தோட்டத்துக்குள்ள போயிட்டேன்ப்பா.”

“தார் ஏதாவது எடுத்துட்டு வந்தியா?” என்றேன். நம் வாய் அப்படி.

அவள் சிரிக்கவில்லை. “முன் பிரேக் பிடிக்கல. திருப்பத்துல எதிர்ல ஒரு டெம்போ. பிரேக்க அமுக்குறேன், வழுக்கிட்டே போகுது. இடது பக்கம் தோட்டம் இருந்துச்சு. அதனால வீட்டுக்கு வந்திருக்கேன்.”

பாதிச் சிரிப்பில் என் வாய் அப்படியே நின்றுவிட்டது. மூடத் தெரியவில்லை. பக்கத்தில் என் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

இடது பக்கம் தோட்டம் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால்? நான் ஒரு வார்த்தை யோசித்தேன். அடுத்த வார்த்தையை யோசிக்க முடியவில்லை.

பிருந்தா டார்ச் அடித்துக் காட்டினாள். வலது பைப்பைச் சுற்றி எண்ணெய் வளையம். அது ஃபோர்க் வழியாகக் கீழே வழிந்து, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் என்ற தகட்டின் மேல் பூசியிருந்தது. எண்ணெய் பட்ட டிஸ்க்கை பிரேக் பேட் எவ்வளவுதான் கடித்தாலும் நிற்காது. இடது பக்கமும் லேசாக ஈரம். “நான் மாட்டின சீல். ரெண்டுமே கசியுது” என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? சத்தியமாக உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்துக்குள் காஜா பாய் கடை. பிருந்தா ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குவது அவரிடம்தான். வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. தார்மீக ஆதரவு!

“புது சீலா? பத்து நாள்தானே ஆச்சு?” பாய் குந்தி உட்கார்ந்தார். “உடனே சீல மாத்தாதம்மா. பாதி கேஸுல சீல் நல்லாத்தான் இருக்கும், நடுவுல மண்ணு மாட்டியிருக்கும். எடுத்துட்டா நின்னுடும். டேபிள் மேல அந்தக் கட்ட எடு.”

டேபிள் மேல் ஒரு கட்டு எக்ஸ்ரே படங்கள். இடுப்பு, முழங்கால், தோள்பட்டை.

“எதுக்கு பாய் இவ்வளவு எக்ஸ்ரே?”

“கஸ்டமருங்க கொண்டாந்து குடுக்குறது சார். நம்ம தொழில்ல இதுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.”

யாரோ ஒருவரின் கால் எலும்பிலிருந்து நீளமாக ஒரு துண்டை வெட்டினார். நுனியில் சின்னதாக ஒரு கொக்கி. டஸ்ட் சீலை மெல்ல நெம்பிக் கீழே... இல்லை, மேலே தூக்கி ஒதுக்கிவிட்டு, ஆயில் சீலுக்கும் பைப்புக்கும் நடுவே அந்தத் துண்டை நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தார்.

கறுப்பாக மண் வரும் என்று மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.

வந்தது காவி நிறத்தில் ஒரு கூழ். நடுவில் சிவப்பு.

பாய் அதை மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை. இன்னொருமுறை.

“பிருந்தாம்மா... இது மண்ணு இல்ல. கமகமன்னு இருக்கு.”

பிருந்தா வாங்கி முகர்ந்தாள். பிறகு, மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் பக்கம் திரும்பினாள்.

இருபது தடவை அமுக்கினேனே... அந்தப் பொட்டெல்லாம் எங்கே போயிருக்கும் என்பது அந்த நொடியில்தான் விளங்கியது. வாழைத் தோட்டம். டெம்போ. முழங்கை. எல்லாம் ஆறு பொட்டில் ஆரம்பித்தது.

“ஆயுத பூஜை அன்னிக்கு... சும்மா ஒரு பொட்டு...” என்றேன்.

“ஒரு பொட்டா?”

“ஆறு.”

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன் சார். சேறு வந்திருக்கு, மணல் வந்திருக்கு, ஒரு தடவ செத்த தேளு வந்திருக்கு. சந்தனம் இப்பதான் வருது!”

பிருந்தாவும் சிரித்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டேதான், ஆனாலும் சிரித்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

தப்பிக்கவில்லை. இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, பைப்பைத் துடைத்து, பத்து தடவை அமுக்கிப் பார்த்தார்கள். இடது பக்கம் காய்ந்தே இருந்தது. வலது பக்கம்... மறுபடியும் எண்ணெய் வளையம்.

பாய் சிரிப்பை நிறுத்தினார். வலது பைப் மேல் விரல் நகத்தை வைத்து, மெதுவாகச் சுற்றிலும் ஓட்டினார். நகம் ஓரிடத்தில் தட்டி நின்றது. பஞ்சைக் கிள்ளி அதே இடத்தில் தடவினார். இரண்டு மூன்று இழை மாட்டிக்கொண்டு நின்றது. வண்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினால், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்.

“கீறல் வழியா எண்ணெய் ஏறி வருது. கீறலோட விளிம்பு சீலயும் அறுத்திருக்கும். யாரோ முரட்டு எமரி போட்டுத் தேச்சிருக்காங்க.”



பிருந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தான் பாய்.”

“நீயா?”

“போன வாரம் துரு எடுத்தேன்ல. ரெண்டாயிரம் நம்பர், இருக்கறதுலயே நைசான ஷீட் எடுத்ததாத்தான் ஞாபகம். குறுக்கால தேச்சதாத்தான் ஞாபகம். ஆனா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து உக்காந்தேன்... ஷீட் மாறியிருக்கணும். நான்தான்.”

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படித்தேன். முழுசாகப் படித்தேன். சந்தனத்துக்கு ஒருமுறை மாட்டியாகிவிட்டது. ஒரே காலையில் இரண்டாவது தடவை மாட்ட மனசு வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இந்தப் புத்தி!

“இத சரி பண்ணிடலாம்மா. பயப்படாத” என்றார் பாய்.

“சரி பண்ணிடலாம் பாய். ஆனா நாளைக்கு நான் போகல.” போனை எடுத்தாள். “என் பேர எடுத்துடச் சொல்றேன். ஒரு ஷீட்டோட நம்பரக்கூட சரியா பாக்காத கை இது. வீல் நட்டையும் இதே கைதான் முறுக்கியிருக்கு. ஹேண்டில் கிளாம்ப்பையும் இதே கைதான். இந்தக் கைய நம்பி நான் எப்படி அந்த மேட்டுலேருந்து குதிப்பேன்?”

இரண்டு மாதம். ஒரு நாள் விடாமல் அந்த வண்டியோடு உட்கார்ந்த பெண். எண்ணைத் தேடுகிறாள். எண் கிடைத்துவிட்டது. போன் காதுக்குப் போகிறது.

“பிருந்தா, அது நான்.”

“என்னதுப்பா?”

“எமரி. சந்தனம் காஞ்சு போச்சு. நீ பாலத்துக்கிட்ட வந்துட்ட. உன் பாக்ஸ்லேருந்து எடுத்துத் தேச்சேன். நம்பர் பாக்கல. மேலேருந்து கீழ... நாலு இழுப்பு.”

பாய்கூட என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப... நான் இல்லையா?” என்றாள்.

“இல்லம்மா.”

கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. “ரெண்டு நாளா தூங்கலப்பா நான். எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு ஒவ்வொரு நட்டா மனசுக்குள்ள பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டிருந்தேன்.”

வாழைத் தோட்டச் செய்தியைக் கேட்டபோது கூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. வண்டியை நாசம் பண்ணியது ஒரு தப்பு. தன் கையையே சந்தேகப்பட ஒருத்தியை விட்டுவிட்டு, டயர் விளம்பரம் படித்தது... அதற்கு என்ன பெயர் வைப்பது? சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்புறம் அவள் எழுந்தாள். போனைப் பாக்கெட்டில் போட்டாள். வேலை நடந்தது.

முதலில் பழைய சீலைக் கழற்றினாள். ரெண்டாயிரம் நம்பர் ஷீட்டை எண்ணெயில் நனைத்து, குறுக்காக, பைப்பைச் சுற்றியே தேய்த்தாள். கீறலை அழிப்பதற்கு இல்லையாம். விளிம்பின் கூர்மையை மட்டும் மழுக்குவதற்கு. நகம் தட்டாத வரைக்கும் தேய்த்தாள். பைப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள் — ஆமாம், தண்ணீர்! — உடனே துடைத்தும் விட்டாள். அவ்வளவுதான், துரு ஒன்றும் பிடிக்கவில்லை. பைப்பின் நுனியில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதன் மேல் எண்ணெய் தடவி, புது சீலை வழுக்கிக்கொண்டு இறக்கினாள். இல்லாவிட்டால் நுனி விளிம்பு சீலைக் கிழித்துவிடுமாம். எண்ணெயை அளந்து ஊற்றினாள். டிஸ்க்கைச் சுத்தம் செய்து, பிரேக் பேட் புதுசாக மாட்டினாள். “இப்போதைக்கு இது தாங்கும். போட்டி முடிஞ்சதும் பைப்ப மாத்திடு” என்றார் பாய்.

நடுவில் நான், ஏதாவது செய்யணுமே என்று, ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினேன்.

“சார், அந்த ஸ்டூல்ல உக்காருங்க” என்றார் பாய், ரொம்ப மரியாதையாக. “ரெண்டு கையையும் மடியில வெச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரம். போட்டோவுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி.

அந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. ஒன்றின் மேல் பிரியம் வந்தால் நமக்கு உடனே அதன் மேல் எதையாவது பூசியாக வேண்டும். சந்தனம், எண்ணெய், பாலிஷ், புத்திமதி. பூசாமல் சும்மா நின்று பார்ப்பது என்பது நம் வழக்கத்திலேயே இல்லை. அவள் அந்த உறையை மாட்டாமல் விட்டதே பார்ப்பதற்குத்தான். ஒரு வாரம் சும்மா பார்த்திருந்தால் போதும். அது என்னால் முடியவில்லை.

சாயங்காலம் பத்து தடவை, அப்புறம் ஐம்பது தடவை அமுக்கிப் பார்த்தார்கள். துணியால் துடைத்தால், துணி வெள்ளையாகவே வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பிருந்தா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பாட்டிலும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் கூட அம்மாவிடம்தான் கேட்டாள்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் பார்க்கிங் காலி. வண்டியும் இல்லை, அவளும் இல்லை. டூல் பாக்ஸ் இருந்தது. அதில் புதிதாக ஒரு பூட்டு.

என் மனைவி, “போன் பண்ணித்தான் கேளுங்களேன், ஒண்ணும் கடிச்சிட மாட்டா” என்றாள். போன் பண்ண தைரியம் இல்லாமல் மெசேஜ் தட்டினேன். தட்டி, அழித்து, தட்டி, அழித்து, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: ‘அப்பா பார்க்க வரட்டுமா?’

நீல டிக் வந்தது. ஒரு நிமிஷம் போனது. ரெண்டு நிமிஷம். என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் பதிலை நான் இப்படி எதிர்பார்த்ததில்லை.

டிங் என்றது.

‘வாங்க. எதையும் தொடாதீங்க.’